கேப்டன் ஜோஷுவா ஸ்லோகம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருநாள் ஸ்லோகம் கதையைச் சொன்னேன். அப்புறம் பள்ளிக்கூடம், நூலகம் என்று அழைத்த இடத்திலெல்லாம் அதையே சொல்லும்படி ஆகிவிட்டது. எங்கே போனாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த ஸ்லோகம்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

உலகத்தைத் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர். 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனில் பாய் விரித்தார். 1898 ஜூன் 27 அன்று அதே அமெரிக்கக் கரையில் நியூபோர்ட் துறைமுகத்துக்கு நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்தார். இடையில் மூன்று வருடம், இரண்டு மாதம், சில நாட்கள். 46,000 மைல். படகின் பெயர் ஸ்ப்ரே. கிளம்பும்போது அவருக்கு வயது 51.

அந்தக் காலத்தில் வானொலி கிடையாது, பனாமா கால்வாய் கிடையாது, படகில் இன்ஜினும் கிடையாது. கரையை விட்டால் அடுத்த கரை வரும்வரை ஆள் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அவர் கனடாக்காரரா, அமெரிக்கரா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் சரி. பிறந்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், 1844 பிப்ரவரி 20. பதினொரு பிள்ளைகளில் ஐந்தாவது. பிரையர் தீவில் அப்பா மீனவர்களுக்குப் பூட்ஸ் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பத்து வயதிலேயே பள்ளியை நிறுத்தி மகனை அங்கே உட்காரவைத்தார். பையனோ ஒளிந்து ஒளிந்து ஒரு கப்பல் பொம்மை செதுக்கினான். அப்பா பார்த்துவிட்டார். பொம்மையைத் தரையில் அடித்து நொறுக்கினார். பதினாலு வயதில் ஒரு மீன்பிடிப் படகில் சமையல்காரனாக ஓடிப்போனது நிலைக்கவில்லை. அம்மா இறந்தபின், பதினாறு வயதில் கப்பலேறியவர் அந்தப் பட்டறைப் பக்கம் திரும்பவில்லை. பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் தங்கி அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

நீச்சல் தெரியாதாமே, நிஜமா?

நிஜம். இதில் வேடிக்கை என்னவென்றால் அவருக்கே அது சமயத்தில் மறந்துவிடும். 1895 டிசம்பரில் உருகுவே கரையில் ஸ்ப்ரே மணலில் ஏறிவிட்டது. நங்கூரத்தைச் சின்னத் துடுப்புப் படகில் ஏற்றி, கொஞ்ச தூரம் தள்ளிப்போய்ப் போடப் பார்த்தார். படகு கவிழ்ந்தது. தண்ணீரில் விழுந்த பிறகுதான் 'அட, நமக்கு நீச்சல் தெரியாதே' என்று நினைவு வந்ததாம். மூன்று தடவை நிமிர்த்தப் பார்த்தும் படகு அவரையும் சேர்த்து உருண்டது. படுக்கப்போகும் குழந்தை சொல்லும் ஜெபத்தை ஆரம்பிக்கும் நேரத்தில், இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று முயன்றார். அந்த நாலாவது தடவை நிமிர்ந்தது.

அந்தத் துடுப்புப் படகும் முழுப் படகு இல்லை. மேல்தளத்தில் இடம் போதாததால் ஒரு படகைக் குறுக்கே பாதியாக அறுத்து, வெட்டுவாயில் பலகை அடித்து வைத்திருந்தார். துணி துவைப்பது, குளிப்பது எல்லாம் அதற்குள்தான்.

பெரிய கப்பலெல்லாம் ஓட்டினவர்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இந்தச் சின்னப் படகு? விளையாட்டுக்கா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 'சாகசக்காரர், அதனால் கிளம்பினார்' என்று முடித்துவிடுகிறார்கள். என் கணக்கில் அவர் வேலை போன மனிதர்.

பதினெட்டு வயதில் பிரிட்டிஷ் சான்றிதழோடு துணை அதிகாரி ஆனார். 1869இல் முதல் கேப்டன் வேலை. சீனா, மணிலா, ஆஸ்திரேலியா, அலாஸ்கா என்று சரக்கு ஏற்றி இறக்கினார். 1882இல் 'நார்தர்ன் லைட்' என்ற பெரிய பாய்க்கப்பலில் பங்குதாரரும் கேப்டனும் அவரே. அதுதான் உச்சம். அதற்குள் நீராவிக் கப்பல்கள் சரக்கையெல்லாம் வாரிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டன. காற்றை மட்டும் நம்பத் தெரிந்த கேப்டன்கள் கரையில் கைகட்டி நின்றார்கள். ஸ்லோகம் நீராவிக்கு மாற மறுத்தார். கடைசியாகச் சொந்தமாக வைத்திருந்த 'அக்விட்நெக்' 1887 டிசம்பரில் பிரேசில் கரையில் மணல்திட்டில் மோதி உடைந்தது. காப்பீடும் இல்லை.

1892இல் பாஸ்டனில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை கேட்டுப் போனால், முதலில் சங்கத்துக்கு 50 டாலர் கட்டு என்றார்கள். உலகக் கடலெல்லாம் அளந்த மனிதருக்கு அப்போது வயது 48.

அந்தப் படகை யாரோ சும்மா கொடுத்தாங்களாமே?

கொடுத்தவர் ஈபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கிலவேட்டைக் கேப்டன். 'ஃபேர்ஹேவனுக்கு வா, ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் பழுது பார்க்கணும்' என்றார். ஆசையோடு போய்ப் பார்த்தால், தண்ணீருக்கு எட்டாத தூரத்தில், வயல்வெளியில், தார்ப்பாய் போர்த்தி முட்டுக்கொடுத்த ஒரு பழம்படகு. ஊரே ஏழு வருடமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஸ்லோகம் கோடாலியை எடுத்தார். பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் ஒரு கருவாலி மரத்தை வெட்டி அடிமரம் செய்தார். நம்மூர் தோணி கட்டுகிறவர்கள் ஏரா என்பார்களே, அது. விலாக்கட்டைகளை ஆவியில் வேகவைத்து வளைத்தார். திமிங்கிலக் கேப்டன்கள் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்து கதை பேசுவார்கள். முன்பக்கக் கட்டையைத் தட்டிப் பார்த்து, பனிக்கட்டியையே உடைக்கும் என்று தலையாட்டுவார்கள். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை வந்தபோது அவர் முதலில் பஞ்சு வைத்து, அதன்மேல் சணல் நார் திணித்தார். பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே கவலை. வரவே இல்லை.

பதின்மூன்று மாதம், 553 டாலர் 62 சென்ட், அதோடு அவர் உழைப்பு. முடிந்தபோது படகு 36 அடி 9 அங்குல நீளம், 14 அடி 2 அங்குல அகலம். பழைய மரம் அநேகமாக ஒன்றுகூட மிச்சமில்லை. அப்போது அது பழைய ஸ்ப்ரேவா புது ஸ்ப்ரேவா? பெயர் மாறவில்லை என்பதால் பழையதுதான் என்பது அவர் கட்சி. ஆக, சும்மா கிடைத்தது பெயர் மட்டும்தான் என்று நான் சொல்வேன்.

இதுக்கு முன்னாடி சின்னப் படகு ஓட்டின பழக்கமே இல்லாமலா கிளம்பினார்?

இருந்தது. மேலே சொன்ன அக்விட்நெக் உடைந்ததல்லவா? மனைவியும் இரண்டு மகன்களும் கூட இருந்தார்கள். ஊர் திரும்பக் காசில்லை. உடைந்த கப்பலின் மரத்தையும் உள்ளூர் மரத்தையும் சேர்த்து 35 அடியில் ஒரு படகு கட்டினார், பாய் மட்டும் சீனத்துப் பாணி. 1888 மே 13, பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த அதே நாளில் படகு தண்ணீரில் இறங்கியது. அதனால் அதன் பெயர் லிபர்தாத், போர்த்துகீசிய மொழியில் 'விடுதலை'. குடும்பத்தோடு சுமார் 5,500 மைல் ஓட்டி அமெரிக்கா வந்து சேர்ந்தார்.

ஒத்தை ஆளு. தூங்கும்போது படகை யார் ஓட்டினது?

படகேதான். ஸ்ப்ரேயின் அடிமரம் நீளம், வயிறு அகலம், பாய்கள் முன்னும் பின்னும் சமமாகப் பங்கிட்டவை. காற்று நிலையாக வீசும்போது முன்பாயை இறுக்கிக் கட்டி, சுக்கான் சக்கரத்தை ஒரு கயிற்றால் முடிந்துவிட்டால் போதும். படகு திசை தப்ப ஆரம்பித்தால் ஒரு பாயில் காற்று கூடும், இன்னொன்றில் குறையும். அந்தத் தள்ளுமுள்ளே படகைப் பழைய திசைக்கு இழுத்துவந்துவிடும். தென் அமெரிக்கக் கரையில் பின்பக்கம் ஒரு சின்னப் பாய்மரமும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு கணக்கு சொன்னால் புரியும். ஆஸ்திரேலியாவின் வடக்கே தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலில் கோக்கோஸ் கீலிங் தீவுவரை 2,700 மைல், 23 நாள். அவர் சுக்கான் பிடித்து நின்ற நேரம் மொத்தம் மூன்று மணிக்குமேல் இல்லை. கேட்டதும் சிலர் நம்பவில்லை. பின்னாளில் அதே வடிவத்தில் படகு கட்டிப் பார்த்தவர்கள் நம்பினார்கள்.

ஒரு டாலர் கடிகாரத்தை வச்சே உலகத்தைச் சுத்தினாராமே. அது எப்படி?

நோவா ஸ்கோஷியாவின் யார்மௌத்தில் வாங்கிய தகரக் கடிகாரம். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் கடைக்காரர் ஒரு டாலருக்குக் கொடுத்தார். தீர்க்கரேகை கண்டுபிடிக்கக் கப்பல்களில் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரம் இருக்கும். அவரிடமும் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சுத்தம் செய்து சரிபார்க்க 15 டாலர் கேட்டார்கள். அதனால் அதை விட்டுவிட்டார்.

எப்படிச் சமாளித்தார்? நண்பகல் சூரியனின் உயரம் அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும், அதற்குக் கடிகாரம் வேண்டாம். கிழக்கு மேற்குக்கு, போன வேகத்தையும் திசையையும் வைத்த மனக்கணக்கு. கிட்டத்தட்ட நாற்பது வருடப் பழக்கம் அது. பசிபிக்கில் 43 நாள் கரையே பார்க்காமல் போனபின் பழைய முறை ஒன்றைக் கையிலெடுத்தார். சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள கோண இடைவெளியை அளந்து நேரம் கண்டுபிடிக்கும் கணக்கு. விடை எங்கோ உதைத்தது. தேடிப் பார்த்தால் அச்சிட்ட அட்டவணையிலேயே ஒரு பிழை! அதைத் திருத்திப் போட்டதும் மனக்கணக்கோடு சில மைல்களுக்குள் ஒத்துப்போனது. இந்த இடத்தை அவர் எழுதும்போது அவருடைய பெருமை கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். பார்க்கட்டுமே.

எந்த வழியாப் போனார்? சூயஸ் கால்வாய் இருந்துச்சே?

அந்த எண்ணத்தோடுதான் அட்லாண்டிக்கைக் கடந்து ஜிப்ரால்டர் வந்தார். அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள், மத்தியதரைக் கடல் கரையெல்லாம் கொள்ளையர், தனியாளாகப் போகாதே என்றார்கள். சரி என்று படகைத் திருப்பி, திரும்பவும் அட்லாண்டிக்கைக் கடந்து பிரேசில் போனார். மொராக்கோ கரையருகே ஒரு கொள்ளைப்படகு துரத்தத்தான் செய்தது. பெரிய அலை ஒன்று வந்து அவர்கள் பாய்மரத்தை ஒடித்தது.

அப்புறம் தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் மெகல்லன் நீரிணை, ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவு, அங்கிருந்து நடுவில் எங்கும் நிற்காமல் 72 நாளில் சமோவா, ஆஸ்திரேலியா, கோக்கோஸ், மொரிஷஸ், தென்னாப்பிரிக்கா, செயின்ட் ஹெலினா, கரீபியன், ஊர். மெகல்லனைக் கடந்தும் புயல் அவரைத் தெற்கே கேப் ஹார்ன் பக்கம் அடித்துப் போனதால், பாறைகளில் நுரைத்த கடல் வழியாக இரவெல்லாம் தப்பித்து வந்து, அதே நீரிணையை மறுபடி கடக்க வேண்டியதாயிற்று. அவர் வாழ்க்கையிலேயே பெரிய கடல் சாகசம் அந்த இரவுதான் என்று அவரே சொல்கிறார்.

தரையில ஆணி பரப்பி வச்சார்னு ஒரு கதை உண்டே?

அதே நீரிணையில்தான். புன்டா அரேனாஸ் ஊரில் சாம்ப்ளிக் என்ற கேப்டன் ஒரு பை நிறையக் கம்பள ஆணி கொடுத்து, நீயே மிதித்துவிடாதே என்றும் சொல்லி அனுப்பினார். இரவு படுக்குமுன் ஸ்லோகம் கூர் மேலே இருக்கும்படி தளம் முழுக்கத் தூவினார். நள்ளிரவில் வெறுங்காலோடு படகில் ஏறிய பழங்குடிகள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அதே வருடங்களில்தான் அந்தப் பகுதியின் பழங்குடிகளை வெள்ளைக் குடியேறிகள் ஆட்டுப்பண்ணைகளுக்காக வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். கதை நமக்குப் படகில் இருந்தவர் வாயிலாக மட்டுமே வந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கொலம்பஸோட மாலுமி பேயா வந்து படகு ஓட்டினாராமே. அளந்து விடறாரோ?

அட்லாண்டிக்கில் இருக்கும் அஸோர்ஸ் தீவில் கிடைத்த பிளம் பழத்தையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் ஒருசேரத் தின்றுவிட்டார். வயிற்றுவலியில் சுருண்டு கேபின் தரையில் நினைவில்லாமல் கிடந்தார். கண் திறந்தபோது சுக்கானில் ஒரு நெட்டை மனிதர், நான் கொலம்பஸின் பிண்டா கப்பல் வழிகாட்டி, பயப்படாதே என்றாராம். காய்ச்சல் மயக்கத்தில் வந்த கனவு என்று படிக்கிற எவருக்கும் புரியும்படிதான் அவரும் எழுதியிருக்கிறார். விடிந்து பார்த்தால் படகு நேராகப் போயிருந்தது. மேலே தூக்கம் பற்றிய பதிலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கும் காசுக்கும் என்ன பண்ணினார்?

உருளைக்கிழங்கு, உப்புக்கண்ட மீன், பிஸ்கட், காபி. பறக்கும் மீன்கள் இரவில் தளத்தில் வந்து விழும், காலையில் பொறுக்கிக்கொண்டால் சமையல் ஆயிற்று. காசுக்குத் துறைமுகங்களில் பேச்சு, படகைச் சுற்றிக்காட்டக் கட்டணம்.

வியாபாரமும் செய்தார். மெகல்லன் பக்கம் உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கிய கொழுப்புப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டார். ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவில் காபியும் அந்தக் கொழுப்பில் பொரித்த டோநட்டும் கொடுத்தால் தீவுக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. எப்படிச் சுடுவது என்று சொல்லிக்கொடுத்து, கொழுப்பையும் விற்றார். விரிகுடாவில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த பழங்காலக் காசுகளைக்கூடக் கொடுத்தார்களாம். மிச்சக் கொழுப்பு சமோவாவில் சோப்பு செய்கிறவருக்குப் போனது.

மூணு வருஷம் தனியா. பைத்தியம் பிடிக்கலையா?

ஆரம்பத்தில் சிரமப்பட்டார். குரல் போய்விடக்கூடாது என்று இல்லாத மாலுமிக்குக் கட்டளை கொடுப்பார். பதில் வராது. தன் குரல் வெற்றுக் காற்றில் ஒலிப்பது கேட்டு நிறுத்திவிட்டார். பாட்டுப் பாடினார், ஆமைகள் தலையை நீட்டிக் கேட்டதாக எழுதுகிறார். பாஸ்டனிலிருந்து கூடவே வந்த சிலந்தி ஒன்றுக்கும் தெற்குக்கோடியில் விறகோடு ஏறிய சிலந்திக்கும் நடந்த சண்டையைக்கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பாஸ்டன் சிலந்திக்கே வெற்றி.

உயிருள்ள துணையில் ஒன்றுதான் மோசம். செயின்ட் ஹெலினாவில் ஒருவர் அன்பாகக் கொடுத்த ஆடு. கயிற்றைத் தின்றது, கரீபியன் வரைபடத்தைத் தின்றது, வைக்கோல் தொப்பியையும் தின்றது. அசென்ஷன் தீவில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

உலகம் தட்டைன்னு ஒரு ஜனாதிபதி சண்டை போட்டாராமே?

தென்னாப்பிரிக்காவில் அப்போதிருந்த டிரான்ஸ்வால் குடியரசின் பால் க்ரூகர். உலகத்தைச் சுற்றி வருகிறார் என்று ஸ்லோகத்தை அறிமுகப்படுத்தியதும், 'உலகத்தைச் சுற்றி இல்லை, உலகத்தில்' என்று திருத்தினார். கூட வந்த நீதிபதிக்குத்தான் தர்மசங்கடம். ஸ்லோகம் ரசித்துவிட்டுப் போனார்.

குடும்பம் இல்லையா அவருக்கு?

முதல் மனைவி வர்ஜீனியாவை சிட்னியில் பார்த்து 1871இல் மணந்தார். திருமணம் முடிந்த கையோடு வர்ஜீனியாவும் கப்பலேறி, அங்கேயே பதின்மூன்று வருடம் குடித்தனம் நடத்தினார். ஏழு பிள்ளைகள் பிறந்து நால்வர் தங்கினார்கள். கப்பலில் கலகம் வந்தபோது கைத்துப்பாக்கியோடு கணவருக்குப் பின்னால் நின்ற பெண். 1884இல் புவனோஸ் ஐரெஸில், கப்பலிலேயே, 34 வயதில் இறந்தார். அதற்குப்பின் ஸ்லோகம் சுக்கான் இல்லாத கப்பல் மாதிரி ஆகிவிட்டார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். இரண்டாவது மனைவி ஹென்ரியட்டா. திருமணம் முடிந்து முதல் பயணமே காலரா, அம்மை, கலகம், கப்பல் உடைந்தது, லிபர்தாத் என்றால்? அதற்குமேல் அவர் கணவரோடு கடலேறவில்லை. யார்தான் ஏறுவார்கள்.

ஆளைக் கொன்னிருக்கார், ஜெயில்லயும் இருந்திருக்கார்னு படிச்சேன். அப்படிப்பட்டவரை எதுக்குக் கொண்டாடணும்?

இரண்டும் நடந்தவை. 1887இல் பிரேசிலில் கப்பலுக்குள் நடந்த கலகத்தில் இருவரைச் சுட்டார், ஒருவர் இறந்தார். தற்காப்பு என்று நீதிமன்றம் விடுவித்தது. அதற்குமுன் நார்தர்ன் லைட்டில் ஒருவரை விலங்கிட்டு அடைத்துவைத்ததற்காக அபராதம் கட்டியிருக்கிறார். அந்தக் காலக் கேப்டன் அதிகாரம் அப்படித்தான் என்பது விளக்கம். சமாதானம் என்று சொல்லமாட்டேன்.

1906இல் நடந்தது வேறு மாதிரி. நியூ ஜெர்சியில் படகைப் பார்க்க வந்த 12 வயதுச் சிறுமியிடம் தவறாக நடந்ததாகக் கைதானார். மருத்துவச் சோதனைக்குப்பின் பெரிய குற்றச்சாட்டு குறைக்கப்பட்டது. தனக்கு எதுவும் நினைவில்லை என்ற ஸ்லோகம், குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவும் இல்லை. 42 நாள் சிறையிலிருந்தார். வெளியே வந்த கொஞ்ச காலத்திலேயே ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகன் அதே படகில் அவரோடு கடலுக்குப் போனான். நாடு அவரை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அந்த இடம் உறுத்துகிறது. கடல் கதையைச் சொல்லும்போது இதை மறைப்பதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் வயதுக்குத் தகுந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எப்படி இறந்தார்?

மார்தாஸ் வின்யார்டு தீவில் பண்ணை வாங்கிப் பார்த்தார். ஒட்டவில்லை. குளிர்காலம் வந்தால் கரீபியன் பக்கம் போய்விடுவார். அப்படி ஒரு பயணம் கிளம்பியவர், ஓரினோகோ, அமேசான் ஆறுகளில் ஏறிப் பார்க்கும் திட்டத்தோடு போனவர், திரும்பவில்லை. சட்டப்படி இறந்த நாள் 1909 நவம்பர் 14. அப்படி அறிவித்ததே 1924இல். நீராவிக் கப்பல் ஏதோ இருட்டில் மோதியிருக்கும் என்பது பலர் ஊகம். அவர் வேலையைப் பறித்ததும் நீராவிதான் என்பதால் கேட்பவர்களுக்கு இந்த ஊகம் ரொம்பப் பிடிக்கும். ஸ்ப்ரேயும் அப்போது பழையதாகிவிட்டிருந்தது, ஒரு பலகை பிரிந்திருந்தாலும் போதும்.

நம்ம ஆளுங்க யாராவது இப்படிப் போயிருக்காங்களா?

இந்தியாவிலிருந்து தனியாக உலகைச் சுற்றியவர்களில் முதல்வர் கடற்படையின் திலீப் தோண்டே, 2009-10இல். எங்கும் நிற்காமல் சுற்றியவர் அபிலாஷ் டோமி, 2012-13இல். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கிளம்பி எட்டு மாதத்தில் திரும்பிய இரண்டு பெண் அதிகாரிகளில் ரூபா புதுச்சேரிக்காரர்.

இன்னொன்று. ஸ்லோகம் பாஸ்டனை விட்டதும் முதலில் நின்ற ஊர் கிளஸ்டர். அந்தப் பாதிப் படகு கிடைத்த ஊர். 1938 ஆகஸ்டில் அதே கிளஸ்டருக்கு வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது. ஓட்டிவந்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழ் மாலுமிகள். அமெரிக்கர் ஒருவர் வாங்கி வேறு பெயர் வைத்திருந்தார். வேம்பும் இலுப்பையும் கலந்த நம்மூர் மரக்கலம் அங்கே கட்டி நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

கடைசியா ஒண்ணு சார். அந்தக் கடிகாரம் என்ன ஆச்சு?

இது எப்போதும் ஒரு ஆறாங்கிளாஸ் பிள்ளை கேட்பது. உலகத்தைப் பாதிக்குமேல் சுற்றுவதற்குள் நிமிட முள் போய்விட்டது. அப்புறம் ஓடவும் மாட்டேன் என்றது. ஸ்லோகம் அதைத் தூக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைத்தார். மணி முள் மறுபடி நகர ஆரம்பித்தது. நடுக்கடலில் மணி தெரிந்தால் போதும், நிமிஷம் எதற்கு என்று அதையே வைத்துக்கொண்டு மிச்சத் தூரத்தை ஓட்டினார்.